வால் இல்லாத ஒராங்குட்டான்

‘மானம் கப்பலேறிப் போச்சு’ என்று எங்கள் அம்மா எதற்கெடுத்தாலும் சொல்வார். எங்கள் ஆம்பூரில் கடலும் கிடையாது, கப்பலும் கிடையாது. என் மானம் ஏறியது ஒரு சவுக்குக் கம்பத்தில். அதுவும் வேலூருக்குப் போய், ஊரே பார்க்க.

நான் அப்போது நாலாம் வகுப்பு. வேலூரில் பல பள்ளிகள் சேர்ந்து நடத்தும் மாறுவேடப் போட்டி. விலங்கு, பறவை எதுவானாலும் சரி என்றார்கள். அம்மா மயில் என்று முடிவு செய்திருந்தார். குறுக்கே வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. தோல் பதனிடும் டேனரியில் பச்சைத்தோலுக்கு உப்புப் போட்டு அடுக்குவது அவர் வேலை. எங்கள் வீடும் டேனரிச் சுவரை ஒட்டியதுதான். சாப்பாட்டு வேளையில் போனில் காட்டு விலங்கு வீடியோவாகப் பார்த்துத் தள்ளுவார்.

“மயிலு பத்து வரும்க்கா. ஒராங்குட்டான் ஒண்ணுதான் வரும். நம்ம பாப்பா!”

“பொட்டப் புள்ளைக்குக் குரங்கு வேசமா? இன்னாடா பேசுற?”

“குரங்கு இல்லக்கா, மனுசக் குரங்கு. குரங்குக்கு வாலு உண்டு, இதுக்குக் கெடையாது. வித்தியாசமே அதுதான்.”

இந்த வால் விஷயத்தில் அவர் சண்டை போடாத ஆள் கிடையாது. வால் இல்லாமல் எப்படிய்யா மரம் ஏறும் என்று கேட்ட டீக்கடைக்காரரோடு ஒரு வாரம் பேச்சையே நிறுத்தியிருந்தார்.

ஓட்டை விழுந்து கழித்துப்போட்ட, முடி எடுக்காத செவலை ஆட்டுத்தோல்களைக் கேட்டு வாங்கிவந்து, படிகாரத்தில் ஊறவைத்து, மாடியில் காயப்போட்டார். ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே தைத்துக் கொடுத்தார். கைகள் என் முழங்காலைத் தாண்டித் தொங்கின. பாதத்துக்கு ஷூ இல்லை, அங்கேயும் கையுறைதான்.

“அதுக்கு ரெண்டு கை ரெண்டு கால் இல்ல பாப்பா. நாலும் கைதான்” என்றார் மாமா.

வாசல் வேப்பமரத்தில் பயிற்சி நடந்தது. கட்டை விரலை நம்பாதே, மற்ற நாலு விரலையும் கொக்கி மாதிரி மாட்டு என்பார். கையால் இழு, காலால் உந்து. நான் அவசரப்பட்டுத் தாவினால் கீழேயிருந்து கத்துவார்.

“தாவாத! அதுக்கு ஒடம்பு கனம் ஜாஸ்தி. கிளை ஒடிஞ்சா ஆளு காலி. ஒரு புடி கெட்டியான அப்புறந்தான் இன்னொரு புடியை விடும்.”

போட்டியன்று காலை வேஷத்தின் மேல் ஒரு பாட்டில் அத்தரைக் கவிழ்த்தார். விழாவுக்குப் போகிறோம், மணக்க வேண்டாமா என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நானும் மாமாவும் வேஷப் பையும் மட்டும். ஒருவர் வந்து உட்கார்ந்தார்; உட்கார்ந்த வேகத்தில் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். நமக்கு யோகம்தான் என்று காலை நீட்டிக்கொண்டேன். மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மைதானத்தில் நல்ல வெயில். வேஷத்தை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற மயில் தள்ளிப்போய் நின்றது. என் பேரைக் கூப்பிட்டதும் மேடைப் பந்தலின் கம்பத்தைப் பிடித்து ஏற ஆரம்பித்தேன். ஒரு பிடி. அது கெட்டியானதும் இன்னொரு பிடி. மைக் பிடித்திருந்தவர், “குரங்குன்னா வாலு எங்கம்மா?” என்றார். கூட்டம் சிரித்தது. “தாவு! தாவு!” என்று பையன்கள் கத்தினார்கள். சிறப்பு விருந்தினர் கைக்குட்டையால் மூக்கும் வாயும் பொத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று புரிந்துகொண்டேன். முன்வரிசையில் எல்லோரும் வாயைப் பொத்தியிருந்தார்கள். எல்லாம் அந்த வாலால்தான். பாதிக் கம்பத்தில் முகத்தைப் புதைத்து அப்படியே ஒட்டிக்கொண்டேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. பொட்டலமாகக் கட்டி யாராவது தூக்கிப்போய்விட மாட்டார்களா என்றிருந்தது.

கீழே மாமாவின் குரல் கேட்டது. “பாப்பா, இடது காலை மெதுவா எறக்கு. காலுன்னு நெனைக்காத, கை அது.”

ஒவ்வொரு குதிகாலாகத் தொட்டு இறக்கி, என்னை முதுகில் போட்டுக்கொண்டு நடந்தார். கூட்டம் தானாகவே விலகி வழிவிட்டது. அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக்க மூடியிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் மாமா உட்காரவில்லை. என்னை மட்டும் ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, பையோடு பின்படிக்கட்டிலேயே நின்று வந்தார். என்மேல் கோபம் என்று நினைத்தேன். ஆம்பூரில் இறங்கியதும் கேட்டேன்.

“வாலு இல்லாததுனாலதானே மாமா எல்லாரும் சிரிச்சாங்க?”

அவர் பையை என் பக்கத்திலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, “ஆமா பாப்பா. தப்பு என்னுதுதான். அடுத்த வருசம் வாலு வெச்சிடலாம்” என்றார்.

வால் சண்டையில் மாமா தோற்றுவிட்டார் என்று அம்மாவிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அடுத்த வருஷம் அவர் போட்டிக்குக் கூப்பிட்டபோது, செத்தாலும் வரமாட்டேன் என்றுவிட்டேன்.

கல்லூரிக்குச் சென்னை விடுதியில் சேர்ந்து, முதல் விடுமுறைக்கு வீடு வந்தேன். எங்கள் தெருவில் நுழைந்ததும் என் கை தானாக மூக்குக்குப் போனது. பிறந்ததிலிருந்து அந்தக் காற்றையே குடித்து வளர்ந்தவளுக்கு அப்படி ஒரு தோல் வாடை இருப்பதே அன்றுதான் தெரிந்தது. தள்ளி நின்ற மயிலும், பஸ்ஸில் எழுந்துபோனவரும், கைக்குட்டையும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. எதிரே தெரிந்தவர்கள் யாராவது வருகிறார்களா என்று பார்த்து, மூக்கிலிருந்து கையை எடுத்தேன்.

வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பரணில் கிடந்த ஒரு பழைய சாக்கை இறக்கினேன். அந்த வேஷம் உள்ளே இருந்தது. அதன் பின்புறத்தில், ஓட்டை இல்லாத நல்ல தோலாகப் பார்த்து வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, நீளமாக ஒரு வால் வைத்திருந்தார் மாமா.