தாலிக்கு யாரும் போட்டி போடுவதில்லை

1988-ஆம் ஆண்டு, ஆடி மாதம். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில் ஓர் அடகுக் கடையின் மாடியில், மீட்கப்படாத நகைகளை ஏலம் விட்டார்கள். நான் ராஜபாளையத்திலிருந்து போயிருந்தேன். பத்திரிகைக்குச் செய்தி அனுப்புவது என் தொழில். பழைய கைவேலை நகைகளைச் சேர்ப்பது என் பித்து. அன்றைக்கு ஒரு சிவப்புக்கல் அட்டிகை வருவதாகக் கேள்விப்பட்டு, அதற்கென்றே பணம் சேர்த்து எடுத்துப் போயிருந்தேன்.

பாய் விரித்த தரையில் நகை வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். நடுவில் இருந்தவர் நெற்றி நிறையச் சந்தனம் பூசியிருந்தார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்டார்கள்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். சேத்தூர்க்காரர். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். மில்லில் கணவருக்குக் கைவிரல்கள் போனபோது தாலிக்கொடியை அடகு வைத்திருக்கிறார், மீட்க முடியவில்லை. ஏலத்தில் கடனும் வட்டியும் போக மிஞ்சுவது அடகு வைத்தவருக்குச் சேரும். அந்த மிச்சத்தை நம்பி, மாவு அரைத்து விற்பதற்குப் பழைய கிரைண்டர் ஒன்று பேசி வைத்திருப்பதாகப் படியேறும்போது என்னிடம் சொல்லியிருந்தார்.

அவருடைய கொடி ஏலத்துக்கு வந்தது. கையால் பின்னியது, நல்ல கனம். கடனுக்கும் வட்டிக்கும் மட்டுமே சரியாகும் ஒரு தொடக்க விலையைச் சொன்னார்கள். ஓரத்தில் இருந்த ஒருவர் அந்த விலைக்கே கேட்டார். அதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சந்தனக்காரர் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பக்கத்தில் இருந்தவரிடம் காரணம் கேட்டேன். என்னையும் வியாபாரி என்று நினைத்திருக்க வேண்டும்.

“தாலியாச்சே சார். அதுல போட்டி போட்டா பாவம். ஒரு ஆளு சும்மா எடுத்துக்கிடுவாரு.”

“எடுத்து?”

“உருக்குவாரு.”

“பொறவு?”

“பொறவு என்ன, எல்லாருமாப் பிரிச்சுக்கிட வேண்டியதுதான்.”

அவர் குரலில் ஒரு கூச்சமும் இல்லை. எனக்குக் காது சூடேறியது. கையை உயர்த்தி விலையைக் கூட்டினேன்.

மொத்தக் கூட்டமும் திரும்பியது. சந்தனக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன சார், அடுத்தவ தாலியில ஆசையா? கொண்டுபோனா வீட்ல கட்டிக்கிடுவாகளா?”

எல்லோரும் சிரித்தார்கள். “படிச்ச ஆளு மாதிரி இருக்காரு, பாவ புண்ணியம் தெரியலையே” என்றது ஒரு குரல்.

சிரிப்பு அடங்குமுன் வாசலிலிருந்து அந்தப் பெண் பேசினார். “நீங்க கேளுங்கய்யா. கழுத்தை விட்டு எறக்குன அன்னைக்கே அழுது முடிச்சிட்டேன். இப்ப அது வெறும் தங்கந்தான்.”

நான் மறுபடியும் கூட்டினேன். இந்த முறை என்னை எதிர்த்துக் கை தூக்கியவர் சந்தனக்காரரேதான். சற்று முன்பு வரை இருந்த பாவம் எங்கே போனதென்று தெரியவில்லை. மாறி மாறிக் கேட்டோம். அட்டிகைக்குக் கொண்டுபோன பணத்தின் எல்லை வந்ததும் நிறுத்திக்கொண்டேன். கொடி அவருக்கே போனது. ஆனால் தங்கத்துக்குரிய நியாயமான விலைக்கு.

மிச்சப் பணத்தை வாங்கிக்கொண்ட அந்தப் பெண், “கிரைண்டருக்கு ஆச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். எனக்கு நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும், அது அவருடைய பணம்.

அட்டிகை வந்தபோது எல்லோருமாகச் சேர்ந்து விலையை எனக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றினார்கள். வெறுங்கையோடு பஸ் ஏறினேன். ராஜபாளையம் வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அட்டிகை போனதற்காக அல்ல. ஏமாற்றுகிறவர்களைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறேன். கன்னத்தில் போட்டுக்கொண்டே ஏமாற்றியவரை அன்றுதான் பார்த்தேன். அதற்கு முந்தைய ஏலங்களில் எத்தனை பெண்கள் மிச்சம் ஏதுமில்லாமல் அந்தப் படிகளில் இறங்கிப் போனார்களோ.

இன்றும், பாவம் என்று சொல்லி ஒரு கூட்டமே வாயை மூடிக்கொள்ளும் இடங்களில், அந்த மௌனத்தால் யாருக்கு லாபம் என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன்.