நெளிந்த மைக்

என் வீட்டு அலமாரியில் ஒரு பழைய மைக் இருக்கிறது. அதன் கம்பிவலைத் தலை ஒரு பக்கம் நெளிந்திருக்கும். மேடைகளுக்கு ஒலி அமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. நெளிந்ததைத் தட்டி நிமிர்த்துவது பெரிய வேலையில்லை. இதை மட்டும் தொட மனம் வரவில்லை.

அது அண்ணனுடையது. கூடப் பிறந்தவர் அல்ல; எங்கள் ராக் பேண்டின் பாடகரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். எங்கள் மலேசியக் கிள்ளானில் அவர் தமிழில் ராக் பாடியபோது, என்ன கத்தல் இது என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். இளசுகள் நாற்காலி மேல் ஏறி ஆடினார்கள். பிறகு குடி அவர் தொண்டையைத் தின்றது. கச்சேரிகள் போய்க் கல்யாண டின்னர்கள் மட்டும் மிஞ்சின. அங்கேயும் அவருடைய அந்த ஒரு பாட்டைத்தான் கேட்பார்கள். அதன் உச்ச வரி அவருக்கு எட்டாமல் போனது. ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, பழைய ரெக்கார்டிங்கை ஓடவிடு, நான் வாயசைக்கிறேன் என்றார். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். நானும் அவர் முகத்தைப் பார்க்காமலே சரி என்றேன்.

கொஞ்ச காலம் ஒப்பேற்றினோம். கிள்ளானில் ஒரு டின்னரில், உச்ச வரி வரும் நேரம் பார்த்து அவருக்கு இருமல் வந்தது. மைக் கைநழுவித் தரையில் விழுந்து நெளிந்தது. பாட்டு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஒலியை இறக்க வேண்டிய நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டு மேசையில் தொடங்கிய சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது. அவர் ஓடவில்லை. வேறு யாரோ பாடுவதைக் கேட்பதுபோல் கடைசிவரை நின்று கேட்டார். பிறகு என்னிடம் வந்து, "அந்தப் பையன் நல்லாத்தான் பாடுறான் லா," என்றார். எனக்கு வெட்கத்தில் செத்துவிடலாம்போல் இருந்தது. அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவே இல்லை. மைக்கும் என்னிடமே தங்கிவிட்டது.

அவர் போய்ச் சேர்ந்தபின், அந்தப் பாட்டைப் பாடாத பேண்டே இங்கே கிடையாது. போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் அவருக்கு நினைவு நிகழ்ச்சி. ஏற்பாடு செய்த பூச்சோங் பேண்டைச் சேர்ந்த பெண், "அங்கிள், மேடையில அவரு மைக்க மட்டும் வச்சிட்டு ரெக்கார்டிங்க போடலாம், ஓகேவா?" என்று கேட்டாள். சரி என்றேன். அதே ரெக்கார்டிங், அதே மைக். பாட ஆளில்லை என்பது இந்த முறை எல்லோருக்கும் தெரியும். உச்ச வரியில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சிலர் அழுதார்கள். அன்று சிரித்தவர்களும் அதில் இருந்திருக்கலாம். நான் ஒலி மிக்ஸரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. மேடையில் மைக்கை வைக்கும்போதே, நெளிந்த பக்கம் யார் கண்ணிலும் படாதபடி பின்னால் திருப்பி வைத்திருந்தேன்.