அவலூர்பேட்டை வரை தாங்கிய ஜட்டி

ஆபரேஷனுக்குப் பின் மாட்டியிருந்த சிறுநீர்க் குழாயை எடுத்த காலையில், தண்ணீர் பிடிக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தேன். திரும்பிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக ஈரம். துடைக்க வந்த அம்மா, "பரவால்லண்ணே, இந்த வார்டுல எல்லாரும் கோலம் போட்டுட்டுத்தான் போறாங்க" என்றார். வெட்கத்தோடு சிரிப்பும் வந்தது.

எனக்குப் புராஸ்டேட்டில் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் இருக்கும் சுரப்பி) புற்று. சீக்கிரம் தெரிந்ததால் சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். சிறுநீரைப் பிடித்து நிறுத்தும் தசை அசந்துபோயிருந்தது.

"தானா சரியாயிடுமா டாக்டர்?"

"பெரும்பாலும் ஆயிடும். மாசக்கணக்கு ஆகலாம். அடக்குற மாதிரி இறுக்கிப் பத்து எண்ணுங்க, அப்புறம் விடுங்க. தினமும் செய்யணும்."

மாசக்கணக்கு என்ற சொல்தான் என்னை உலுக்கியது. எட்டாவதில் பள்ளியை விட்டு ஓடியவன் நான். அதன்பின் ஓரிடத்தில் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. நெல் அறுக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர், நெல்லூர், ராய்ச்சூர் என்று அறுவடைக்குப் பின்னாலேயே போகிறவன். வண்டியின் சொந்தக்காரர் குமார், என்னைவிட இளையவர், வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். "தை பொறந்தா வண்டி கெளம்பிடும்ண்ணே. எறங்காம மூணு மணி நேரம் ஓட்ட முடிஞ்சா நீங்கதான். இல்லன்னா வேற ஆளப் பாக்கணும். தப்பா நெனச்சிக்காதீங்க."

வயிற்றில் ஆபரேஷன் என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

ஆக, மூன்று மணி நேரம் தாங்கும் ஜட்டி ஒன்று வேண்டும்.

முதலில் செஞ்சி மருந்துக்கடையில் வாங்கியது முழு பிளாஸ்டிக். உள்ளே துணிப் பட்டை வைத்து மேலே இதைப் போட வேண்டும். ஒரு சொட்டு வெளியே வராது. ஆனால் நடந்தால் மிக்சர் பொட்டலம் பிரிக்கிற சத்தம். சோதித்துப் பார்க்க டவுன் பஸ்ஸில் சிங்கவரம் போனேன். பக்கத்திலிருந்தவர் என் மடியையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்குவதற்குள் வியர்த்து, தொடையிடுக்கு எரிந்தது. அதற்குச் சிங்கவரம் ஜட்டி என்று பெயர் வைத்தேன்.

இரண்டாவது மழைக்கோட்டுத் துணி மாதிரி நைலான், உள்பக்கம் பூச்சு. சத்தமில்லை, கனமில்லை. வல்லம் போவதற்குள் தொடைப் பக்கம் கசிந்து சீட்டு நனைந்தது. "தண்ணி பாட்டிலு கொட்டிடுச்சி" என்றேன். கண்டக்டர் பாட்டிலைப் பார்த்தார். "சீலே ஒடைக்கலியே" என்றார்.

அன்று கற்றுக்கொண்டது: துணி எதுவானாலும் முதலில் தொடை எலாஸ்டிக்கைப் பாருங்கள். இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது.

மூன்றாவதை என் மனைவி செல்வி போனில் பார்த்து வரவழைத்தாள். வெளியே பனியன் மாதிரி துணி, நடுவில் மெல்லிய படலம், உள்ளே டர்க்கி டவல் போலப் பருத்தி. ஒரு மணி நேரத் தூரத்திலிருக்கும் அவலூர்பேட்டை வரை போய், டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். வேட்டியில் ஈரமில்லை. இன்னும் இரண்டு வாங்கினோம். காலையில் சோதித்துப் பார்க்க பஸ் ஏறக் கிளம்பினால் செல்வி கேட்பாள்: "இன்னிக்கு எந்த ஊருங்க?"

அப்புறம்தான் அந்தத் தவறு. யாரும் பார்க்கக் கூடாது என்று, துவைத்த ஜட்டிகளை வீட்டுக்குப் பின்னால் பாறை மேல் காய வைத்தேன். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கம்பளியும் காய்கிற பாறை, வெயிலில் தோசைக்கல். இரண்டு வாரத்தில் படலம் அப்பளமாகக் கொப்பளித்துப் பிரிந்தது. மூன்றும் போயின. தை பிறக்கப் பத்து நாள்தான் இருந்தது.

செல்வி மறுபடி வாங்கினாள். இம்முறை பச்சைத் தண்ணீரில் அலசி, வாசல் கொடியில், சேலைகளுக்கு நடுவே நிழலில் தொங்கவிட்டாள்.

"யாராவது பாப்பாங்கடி."

"பாக்கட்டும். உங்க வெக்கத்துக்கு இன்னும் எத்தினி ஜட்டிய வறுக்கறது?"

தை பிறந்தது. குமார் என்னை அழைத்துப்போக வந்தபோது கொடியில் இரண்டு தொங்கின. அவர் பார்த்தார். நான் செருப்பைத் தேடினேன்.

முதல் வயல் வல்லத்தில். வண்டியின் அதிர்வில் அடிவயிறு குலுங்கியது. ஒவ்வொரு வரப்பிலும் திரும்பும்போது இறுக்கிப் பத்து எண்ணினேன். மூன்று மணி நேரம் கழித்து இறங்கிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். காய்ந்த பேன்ட், வைக்கோல் தூசு.

குமார் ஓரமாக அழைத்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"அண்ணே, வூட்டுக் கொடியில தொங்குச்சே, அது இன்னா துணி?"

பேன்ட்டில் ஒட்டியிருந்த தூசைத் தட்டினேன்.

"எங்க நைனா ரெண்டு வருசமா கல்யாணம் காட்சின்னு எங்கியும் வர்றதில்ல. பஸ்ஸுன்னாலே பயப்படுறாரு. அவருக்கு வாங்கணும்."

"எலாஸ்டிக் பாத்து வாங்கு தம்பி. போடறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் தண்ணி ஊத்தி, கீழ பேப்பர் வச்சிப் பாரு. பேப்பர் நனைஞ்சா திருப்பிக் குடுத்துரு. பாறையில மட்டும் காய வைக்காத."

இதை ராய்ச்சூர் பக்கம் ஒரு வயலோரத்தில் எழுதுகிறேன். இப்போது தும்மினால்தான் கசிகிறது. முன்பு உடம்பு என்பது எனக்குப் பின்னால் ஓடிவரும் ஒன்று. அதைக் கேட்காமலே ஊர் மாறுவேன். இப்போது கேட்டுக்கொண்டு போகிறேன். வயலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் மூன்று முறை இறுக்கி, மூன்று முறை விடுகிறேன். என் நேரம் இப்படித்தான் நகர்கிறது, அவசரமில்லை. வண்டியின் நிழலில், பக்கவாட்டுக் கண்ணாடியின் கம்பியில் கட்டிய கயிற்றில், நேற்றுப் போட்டது எல்லோரும் பார்க்கக் காய்கிறது.