பெட்டி போன நாளும் பிள்ளை போன நாளும்

எங்கள் வீட்டுச் சாமியறையில், விளக்குத் தட்டுக்குக் கீழே, பழைய பஞ்சாங்கங்களை ஒரு கட்டாகக் கட்டி வைத்திருக்கிறேன். வருடம் முடிந்தாலும் எறிவதில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கொக்குவிலில் மிளகாயும் மாவும் அரைக்கிற சின்ன மில் ஒன்று நடத்துகிறேன். டயரி எழுதுகிற பழக்கமெல்லாம் எனக்கு இல்லை. வீட்டில் நடந்ததை அந்தந்த நாளுக்குப் பக்கத்திலேயே பென்சிலால் ஒரு வரி எழுதிவிடுவேன். கிணறு இறைத்தது, என் மனிசிக்குக் கண் ஒப்பரேசன் செய்தது, மகள் வந்தது, மகள் போனது. அந்த வரிகளில் ஒன்றுதான் மகளுக்கு வினையாக வந்தது. பிள்ளையார் கைவிடவில்லை. அதை எழுதி வைக்கவேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. கனடாவுக்குப் படிக்கப் போனாள். படித்து முடித்து, ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்து, அங்கே நிரந்தரமாக இருக்கிற உரிமையும் எடுத்தாள். பிறகு திரும்பவும் படிப்பு. இந்த முறை ஆஸ்பத்திரித் தாதி வேலைக்கு. பகலில் வகுப்பு, பின்னேரம் வேலை, பஸ்ஸில் போகும்போது எங்களோடு கதை. அதற்குள் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன் என்றாள்.

"இப்ப இருக்கிற உரிமை காணாதோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"காணும் அப்பா. ஆனா வெளியிலை நிண்ட நாளெல்லாம் எண்ணுப்படும். உங்களிட்டை வந்து நிக்கிறதெண்டாலும் நாள் எண்ணித்தான் நிக்கவேணும். குடியுரிமை கிடைச்சா எண்ணத் தேவையில்லை. அம்மாவின்ரை முழங்காலுக்கு வந்து ரெண்டு மாதம் நிண்டு பாப்பன்."

மனிசியின் முழங்கால் அப்போதே நல்லாகத் தேய்ந்துவிட்டது. கோயிலில் வீதி சுற்றும்போது ஒரு சுற்றுக்கு மூன்று தரம் நிற்பாள். ஒப்பரேசன் செய்யச் சொல்லி டொக்டர் சொல்லியும், "பிள்ளை வந்து பக்கத்திலை நிக்கட்டும், அதுக்குப் பிறகு பாப்பம்" என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். ஆகவே அந்தக் குடியுரிமைக்காக இங்கே ஒரு முழங்காலும் காத்துக்கொண்டு இருந்தது.

அந்த நாட்டுச் சட்டம் இதுதான். விண்ணப்பிக்கிறவர் கடைசி ஐந்து வருடத்துக்குள் மூன்று வருடத்து நாட்களை அந்த மண்ணில் கழித்திருக்க வேண்டும். வெளியே போயிருந்தால், எந்த நாள் போனது, எந்த நாள் திரும்பி வந்திறங்கியது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மகள் அந்தக் காலத்துக்குள் இரண்டு தரம் வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் தரம் வந்துபோனதற்குப் பாஸ்போட்டில் முத்திரை தெளிவாக இருந்தது. இரண்டாந்தரம் திரும்பிப் போனபோது குத்தின முத்திரையில் மை பரவி, மாதம் தெரிகிறது, நாள் தெரியவில்லை. டிக்கற் இருந்த போன் தண்ணீரில் விழுந்து போய்விட்டது.

அப்போதுதான் என்னைக் கேட்டாள்.

"பொறு பிள்ளை" என்று சொல்லி, கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. மகள் பயணம். ஞாயிற்றுக்கிழமை.

"வடிவாப் பாத்தனீங்களோ அப்பா?"

"என்ரை கையெழுத்திலை கிடக்கு. பிழைக்காது."

கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "அப்ப நான் திங்கள் இஞ்சை வந்திறங்கியிருப்பன்" என்று சொல்லி அப்படியே எழுதிக்கொண்டாள். பிறகு, "வாற செவ்வாய் எனக்கு நாள் நிரம்புது. அண்டைக்கே அனுப்பிப்போட்டுப் படிப்பைப் பாக்கப்போறன்" என்றாள்.

நான் இந்த வருடப் பஞ்சாங்கத்தை எடுத்தேன். "செவ்வாய் வேண்டாம். அட்டமி வேறை. அடுத்த கிழமை வெள்ளி நல்ல வளர்பிறை. அண்டைக்கு அனுப்பு."

"அப்பா, உது கொம்பியூட்டரிலை ஒரு பட்டனை அமத்திற வேலை. பட்டனுக்கும் நல்ல நாளோ?"

"பட்டனை அமத்திறது நீதானே."

சிரித்தாள். "பாப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அனுப்பிவிட்டேன் என்று பிறகு சொன்னாள். எந்த நாள் என்று அவள் சொல்லவில்லை, நானும் துருவவில்லை.

சில மாதங்கள் போயின. ஒருநாள் மில்லில் மிளகாய் போட்டு ஓடிக்கொண்டு இருக்கும்போது போன் வந்தது. நிற்பாட்டிவிட்டு வெளியே வந்தேன். அவளுடைய குரல் மெலிந்து கிடந்தது.

"அப்பா, அந்தத் திகதி பிழையாம். நான் திங்கள் வந்ததெண்டு எழுதினன். அவையின்ரை எல்லைப் பதிவிலை புதன்கிழமை வந்ததெண்டு கிடக்காம். ஏன் பிழையாச் சொன்னனீங்கள் எண்டு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கு."

"அதெப்பிடிப் பிள்ளை? நான் எழுதின வரி..."

"அதுதான் அப்பா எனக்கும் விளங்கேல்லை. நான் வகுப்புக்குப் போகவேணும், பிறகு எடுக்கிறன்."

பொய் சொன்னதாக எடுத்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாதபடியால் பயம் இன்னும் கூடியது. வீட்டுக்கு வந்து திரும்பவும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைதான். மனிசி முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாமியறை வாசலில் நின்றாள்.

மகள் அந்தக் கடிதத்தைப் போனுக்கு அனுப்பியிருந்தாள். இங்கிலீஷ். எனக்கு வாசிக்கத் தெரியாது. எங்கள் ஒழுங்கையில் எதிர் வீட்டில் ரீச்சர் இருக்கிறார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு எடுத்தவர், வேதக்காரர். பஞ்சாங்கத்தையும் போனையும் எடுத்துக்கொண்டு அங்கே போனேன்.

ரீச்சர் கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார். பிறகு என் பஞ்சாங்கத்தை வாங்கி அந்த வரியைப் பார்த்தார்.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை இஞ்சை வந்தது பெட்டியெல்லே?"

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பயணம் போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வருகிற நல்ல நாளில், நல்ல நேரத்தில், பெட்டியைக் கொண்டுபோய் அயல் வீட்டில் வைத்துவிடுவோம். பெட்டி படி தாண்டினால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நாள் வெளிக்கிட்டாலும் பரவாயில்லை. அந்த முறை மகளுடைய விமானம் புதன் விடியப்புறம். செவ்வாய் மத்தியானம் வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். செவ்வாயில் பிள்ளையை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஞாயிறு காலமை பெட்டியை ரீச்சர் வீட்டு ஹோலில் கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு வந்து எழுதினேன், மகள் பயணம் என்று. பிள்ளை இன்னும் இரண்டு நாள் எங்களோடு இருந்து சாப்பிட்டுப் படுத்து எழும்பினாள். அந்த நாட்களுக்குப் பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை.

ரீச்சர் ஒவ்வொரு தரமும் பகிடி பண்ணுவார். "உங்கடை பிள்ளையார் பெட்டிக்கு மட்டுந்தான் காவலோ தம்பி?" என்பார். ஆனால் அவர்கள் வீட்டு வேத வசனப் படத்துக்குக் கீழே பெட்டிக்கு இடம் ஒதுக்கி வைப்பார். அன்றைக்குப் பகிடி ஒன்றும் பண்ணவில்லை. எழும்பிப்போய் அலுமாரியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து வந்தார். ஒவ்வொரு நாளும் யாருக்காக ஜெபித்தார் என்று எழுதுகிற கொப்பி அது. பக்கத்தைத் தேடி எடுத்து எனக்கு வாசித்துக் காட்டினார். செவ்வாய்க்கிழமை. எதிர் வீட்டுப் பிள்ளை இன்று வெளிக்கிடுகிறது, கர்த்தரே, போகும் வழியெல்லாம் கூட இரும்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற தகப்பன் நான் நல்ல நாளை எழுதி வைத்தேன். பிள்ளை உண்மையிலே போன நாளை எழுதி வைத்தது அயல் வீட்டுக்காரி.

"அழுறதுக்கு இப்ப நேரமில்லை" என்றார் ரீச்சர். "ரெண்டு நாள் குறையுது. பிள்ளை எந்த நாள் அனுப்பினவள்? நாள் நிரம்பின அண்டைக்கே அனுப்பியிருந்தால், ரெண்டு நாள் காணாமல் போகும். விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துபோடுவினம், திரும்ப முதலிலை இருந்து தொடங்கவேணும்."

செவ்வாயோ வெள்ளியோ? "பாப்பம்" என்று சொல்லிச் சிரித்ததுதான் என் காதில் கேட்டுக்கொண்டு இருந்தது. அவளுக்கு வகுப்பு முடியும் வரைக்கும் ரீச்சர் வீட்டிலேயே இருந்தேன். தேத்தண்ணி தந்தார், குடித்தேனோ தெரியாது. போன் எடுத்ததும் பெட்டிக் கதையைச் சொன்னேன். "ஐயோ அப்பா, ஓம், பெட்டி" என்றாள். அவளும் மறந்துபோய்விட்டாள்.

"அது கிடக்கட்டும். நீ எந்த நாள் அனுப்பினனி?"

"உங்கடை வெள்ளிக்கிழமைதான்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"நம்பிச் செய்யேல்லை அப்பா. செவ்வாய் அனுப்பினனான் எண்டு தெரிஞ்சால் நீங்கள் ஒரு கிழமைக்கு ஒழுங்காச் சாப்பிடமாட்டியள். அம்மாதான் பாவம்."

ரீச்சர் விரல் விட்டு எண்ணினார். செவ்வாயிலிருந்து அடுத்த கிழமை வெள்ளிவரைக்கும் பத்து நாள். இரண்டைக் கழித்தால் எட்டு நாள் மிச்சம். "உங்கடை பஞ்சாங்கம் ரெண்டு நாளைத் திண்டுபோட்டுப் பத்து நாளைக் குடுத்திருக்கு. இனி நான் அதைப் பற்றி ஒண்டும் கதைக்கமாட்டன்" என்றார். அந்தச் சொல்லை அவர் காப்பாற்றவில்லை.

அன்று இரவே ரீச்சர் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார். பெட்டி ஒரு நாளும் பிள்ளை இன்னொரு நாளும் போகிற எங்கள் வழக்கத்தை விளங்கப்படுத்தி, திகதி சொன்னது தகப்பன், பிழை அவருடையது என்று எழுதி, எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். "மறைக்க ஒண்டுமில்லை, நடந்ததை நடந்தபடி சொல்லுவம்" என்றார். பஞ்சாங்கப் பக்கத்தையும் ஜெபக் கொப்பிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தோம். மகள் தன்னுடைய விளக்கத்தோடு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினாள். அங்கே அதை வாசித்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்காகவும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். விளக்கத்தை ஏற்றுக்கொண்டு, மிச்சத்தைப் பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

குடியுரிமைச் சத்தியம் எடுத்தது எங்களுக்குப் பின்னேரம், விளக்கு வைத்த நேரம். எல்லாம் கொம்பியூட்டரில்தான். மகளுடைய சிநேகிதி தன்னுடைய போனில் எங்களுக்குக் காட்டினாள். மனிசியும் நானும் ரீச்சரும் ஒரு மர வாங்கில் நெருக்கிக்கொண்டு இருந்தோம். மகள் சீலை உடுத்து, திருநீறு பூசியிருந்தாள். சொல்லச் சொன்னதைச் சொன்னாள். பிறகு பழைய வதிவிட அட்டையைத் தூக்கிக் காட்டிக் கத்தரிக்கோலால் வெட்டினாள். மனிசி என் கையைப் பிடித்தாள். எனக்கும் அந்த வெட்டு ஒருமாதிரித்தான் இருந்தது. ஆனால் பிள்ளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள், அதோடு போய்விட்டது.

படிப்பில் விடுமுறை வந்ததும் சொன்னபடி வந்தாள். இரண்டு மாதம் நின்றாள். தாயின் ஒப்பரேசன் சுகமாக முடிந்தது. படித்த தாதி மாதிரியே கட்டளை போட்டு நடக்கப் பழக்கினாள். "எண்ணுங்கோ அம்மா, இருபது" என்று முற்றத்தில் கேட்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் மில்லுக்குப் போவேன். ஒரே ஒரு புதினம், இப்போது அந்த நாட்டுக்காரி ஆனபடியால் பிறந்த வீட்டுக்கு அவள் விசா எடுத்து வரவேண்டியிருந்தது. அதில் எத்தனை நாள் நிற்கலாம் என்று போட்டிருந்தது. "இப்ப இஞ்சை எண்ணவேண்டிக் கிடக்கு அப்பா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போன வருடம் ஒரு சுற்றுக்கு மூன்று தரம் நின்ற மனிசி, மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கோயிலை ஒரேயடியாகச் சுற்றி வந்தாள். அதற்கு மேலே எதைக் கேட்பது.

திரும்பிப் போகிற நாள் அமாவாசையில் வந்தது. வழக்கத்தை நான் விடவில்லை. இரண்டு நாளுக்கு முன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரீச்சர் வீட்டுக்குப் போனேன். வந்து பஞ்சாங்கத்தில் எழுதினேன், பெட்டி போனது.

அமாவாசையன்று மகள் ஏறின வான் ஒழுங்கை முடக்கில் திரும்பி மறைந்ததும், உள்ளே போய் இன்னொரு வரி எழுதினேன், மகள் போனது. நேரத்தையும் போட்டேன். வெளியே வந்தபோது ரீச்சர் தன்னுடைய வாசல் படலையில் நின்றார்.

"எழுதியாச்சோ தம்பி?"

"ஓம் ரீச்சர். ரெண்டையும் எழுதிப்போட்டன்."

"நானும்" என்று சொல்லி உள்ளே போனார்.