இரண்டாவது ஆல்பத்தில் ஒரு குறட்டை

போன வாரம் பழைய ஜீன்ஸ் ஒன்றைத் துவைக்கப் போடும் முன் பையைத் துழாவினேன். ஆரஞ்சு நிறத்தில் ஓர் இயர் பிளக், நூலோடு. கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் காதை அடைத்துக்கொள்ளக் கொடுப்பார்களே, அதுதான். மோந்து பார்த்தேன். மிஷின் எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. உடனே எங்கள் முதல் ஆல்பம் ஞாபகத்துக்கு வந்து, தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஆமாங்க, நாங்கள் ராக் பேண்ட் வைத்திருந்தோம். பெயர் 'கேட் பாஸ்', கம்பெனி வாசலில் காட்டுகிற சீட்டின் பெயர்தான். நான் கிட்டார்; ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் இருந்தேன். பக்கத்துக் கம்பெனியில் குவாலிட்டி பார்த்த இளங்கோ பாடுவான், கம்ப்யூட்டர் வேலையும் அவனுடையது. டிரம்ஸ், ஸ்டெல்லா. மணிமங்கலத்துப் பெண், செல்போன் கம்பெனி லைனில் வேலை, சர்ச்சில் வாசித்துப் பழகியவள். அவள் அடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

முதல் ஆல்பத்தை அவளுடைய சித்தப்பாவின் காலி குடோனில் ரெக்கார்ட் செய்தோம். மிக்ஸிங், அதாவது எந்தச் சத்தம் எவ்வளவு என்று வைப்பது, மட்டும் என் பொறுப்பு. நாள் முழுக்க பிரஸ் மிஷின் பக்கத்தில் நின்றுவிட்டு, மந்தமான காதோடு நேராகப் போய் உட்காருவேன். எதைக் கேட்டாலும் சத்தம் பத்தாத மாதிரியே இருக்கும். ஏற்று, இன்னும் ஏற்று! கேட்டவர்கள் எல்லாம் "செம வெறித்தனம்" என்றார்கள். நாங்களும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். வெறியாவது ஒன்றாவது, என் காது செவிடு, அவ்வளவுதான்.

இரண்டாவது ஆல்பத்துக்குள் குடோனை யாருக்கோ வாடகைக்கு விட்டுவிட்டார்கள். மிச்சம் என் அறைதான். வரிசையாக எட்டு அறைகள் உள்ள லைன் வீடு. நாங்கள் மூன்று பேரும் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து நாலு மணிக்குக் கூடுவோம். அப்போதுதான் பக்கத்து அறை முருகேசன் அண்ணன் நல்ல தூக்கத்தில் இருப்பார். திருநெல்வேலிக்காரர், எப்போதும் நைட் ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட்காரர் தூங்கும்போது சத்தம் போடக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். குக்கர் விசில் அடிக்கும் முன்பே அடுப்பை அணைத்துவிடுவார்கள். இதில் டிரம்ஸ் எங்கே வாசிப்பது?

இளங்கோ தயங்கித் தயங்கிச் சொன்னான். "டிரம்ஸ கம்ப்யூட்டர்லயே போட்டுக்கலாம்டா."

ஸ்டெல்லாவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நான் இன்னாத்துக்கு? உங்களுக்கு டீ போட்டுத் தரவா?" என்று எழுந்து போய்விட்டாள். அவள் இல்லாவிட்டால் எங்கள் பேண்டே இல்லை. ஆனால் அதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. கோழைப்பயல்.

மறுநாள் அவளே வந்தாள். கையில் ஒரு பிஸ்கட் டின், மேலே போட ஈரத்துண்டு, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஒரு பிடி விளக்குமாற்றுக் குச்சி. "வாசிங்கடா, பாத்துக்கலாம்" என்றாள்.

நான் கிட்டாரைச் சத்தம் கூட்டும் ஆம்ப்பில் மாட்டாமல் வெறுமனே மீட்டினேன். குச்சி ஒரு பக்கம் போனது, பாட்டு ஒரு பக்கம் போனது. மூன்று தடவையும் சொதப்பல். இளங்கோ அவன் போட்டு வைத்திருந்த கம்ப்யூட்டர் டிரம்ஸைத் தேட ஆரம்பித்துவிட்டான். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் முருகேசன் அண்ணன் குறட்டை விட ஆரம்பித்தார். கொர்ர்ர்... உஸ்ஸ். கொர்ர்ர்... உஸ்ஸ். அளந்து வைத்த மாதிரி. ஸ்டெல்லா சட்டென்று கையைத் தூக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு அந்த மூச்சோடு குச்சியை ஓட்டினாள். சர்ர்ர்... சக். சர்ர்ர்... சக். அடேயப்பா! நான் கூடவே சேர்ந்தேன். எப்போதும் கத்துகிற இளங்கோ, காதோடு பேசுவதுபோலப் பாடினான். மைக் ஓடிக்கொண்டே இருந்தது.

பாட்டு முடிந்தது. குறட்டையும் நின்றது. கதவைத் தட்டினார்கள். செத்தோம் என்று நினைத்தேன். லுங்கியோடு முருகேசன் அண்ணன் நிற்கிறார்.

"ஏன் தம்பி நிறுத்திட்டிய? இப்பதான கண்ணு அசந்துச்சு."

"நீங்க போய்ப் படுங்கண்ணே, இன்னொரு வாட்டி வாசிக்கிறோம்" என்றாள் ஸ்டெல்லா. அவர் போனதும் இளங்கோ பக்கம் திரும்பினாள். "உன் கம்ப்யூட்டரு இப்டி மூச்சு வுடுமாடா?"

"தாயே, மன்னிச்சுக்கோ" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அவள் கண் முன்னாலேயே அந்த டிரம்ஸை அழித்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மொத்த ஆல்பமும் அந்த மெல்லிய சத்தத்திலேயே அமைந்தது. இணையத்தில் யாரோ ஒருவர் 'பேண்ட் முதிர்ச்சி அடைந்துவிட்டது' என்று எழுதியிருந்தார். முதிர்ச்சியாவது! பக்கத்து ரூமில் ஆள் தூங்குகிறார் சாமி.

லைன் வீடு இப்போது இல்லை, அந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. இளங்கோ ஓசூரில் இருக்கிறான். ஸ்டெல்லா வாலாஜாபாத்தில், போன் போட்டால் இன்றைக்கும் "இன்னாடா செவிடா" என்றுதான் ஆரம்பிப்பாள். முருகேசன் அண்ணன், கான்ட்ராக்ட் முடிந்து, நாங்கள் ஷிஃப்டில் இருந்த ஒரு காலையில் அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். நம்பரும் மாறிவிட்டது.

இயர் பிளக்கை மேசைமேல் வைத்துவிட்டு, இயர்போனை மாட்டி அந்தப் பாட்டைப் போட்டேன். முதலில் அண்ணன் குறட்டை, அதைப் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லாவின் குச்சி. அன்றைக்கு எங்கள் மூன்று பேரையும் பிரியாமல் காப்பாற்றியவர் அவர்தான். அது அவருக்குத் தெரியவே தெரியாது. பாவம், மனுஷன் தூங்கிக்கொண்டிருந்தார்.