அத்தை அளந்த கார்

வெயிலில் காய்ந்த வெல்வெட் துணியும் தையல் சாக்குக்கட்டியும் அத்தையின் கொண்டை மல்லிகையும் சேர்ந்தால் ஒரு மணம் வரும். அந்த மணம் அப்பாவின் கார் பின் இருக்கையில் மட்டும் இருந்தது. கறுப்பு நிறம், இரண்டே கதவு, பானட்டின் மேல் காற்றை இழுக்க ஒரு வாய், பின்னால் ஒரு சிறகு, மிதித்தால் வயிற்றை முதுகோடு ஒட்டவைக்கும் டர்போ. கல்யாணத்துக்கு முன் அப்பா தனக்கென்று வாங்கிய அந்த ஜப்பான் காரில் பிற்பாடு ஒரு குடும்பமே ஏறிக்கொண்டது. முன் இருக்கையை மடக்கினால்தான் பின்னால் நுழைய முடியும். அத்தை முதலில் தலையை விட்டு, பிறகு துணி மூட்டையை இழுத்து, கடைசியாகத் தன்னையும் இழுத்துக்கொண்டு, அம்மாவுக்குப் பின்னால் இடப்பக்கம் உட்காருவார். அப்பாவுக்குப் பின்னால், வலப்பக்கம், நான்.

அங்கிருந்து சாலை தெரியாது. பின்பக்கம் தாழ்ந்து, மூக்கு சற்று நிமிர்ந்தபடி நிற்கும் கார் அது. ஞாயிறுதோறும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போகும் ஃபெடரல் ஹைவேயை நான் அதன் மேல்பாதியாக மட்டுமே அறிந்திருந்தேன். பாலங்களின் அடிவயிறு, விளம்பரப் பலகைகளில் சிரிப்பவர்களின் நெற்றி, மாநில எல்லையில் நிற்கும் பெரிய வளைவின் உச்சி, ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கூடவே வரும் மின்கம்பிகள், மழைக்கு முன் கறுத்துத் திரளும் மேகம். மனிதர்களே இல்லாத அந்த ஊரின் வழியாக, அத்தையின் கையில் தலைசாய்த்து, விழிப்பும் உறக்கமும் பிரியாமல் நான் மிதந்து போவேன்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்கள் அடுக்குமாடியிலேயே இரண்டு மாடி கீழே இருந்தார். வாரமெல்லாம் தைத்த ரவிக்கைகளை ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் துணிக்கடைகளில் கொடுத்து, அடுத்த வாரத்துக்கான துணியை வாங்கி வருவார். அவர் பிழைப்பு அந்தப் பின் இருக்கையில்தான் போய் வந்தது.

ஒரு கட்டத்தில் கார் வேகத்தடைகளில் உரச ஆரம்பித்தது. முன்சக்கரம் தாண்டிவிடும், பின்சக்கரம் இறங்கும்போது கீழே புகைக்குழாய் "கர்ரக்" என்று சிமெண்டைச் சுரண்டும். அப்பாவின் தோள்கள் சுருங்கும். கார் நிறுத்துமிடத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னாலும் எல்லாம் ஒரே சொல்லில் போய் முடிந்தன: "அப்சோர்பர்". அப்பா அப்சோர்பரை மாற்றினார். கார் துள்ளுவதை நிறுத்தியது, ஆனால் எழும்பவில்லை. துள்ளலை அடக்குவதுதான் அப்சோர்பரின் வேலை, காரைத் தூக்கி நிறுத்துவது சுருள் ஸ்பிரிங் என்பது அன்று அந்த நிறுத்துமிடத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

புது அப்சோர்பரும் பலிக்காத அந்த ஞாயிறன்று, மூன்றாம் மாடி ராமு அங்கிள் காரைச் சுற்றிவந்து, "என்ன லா இது, வானத்தப் பாத்து கொட்டாவி விடுது உன் காரு?" என்றார்.

"எங்கக்கா ஏறுனா அப்படித்தான் லா. முன்னால கயிறு கட்டி இழுத்துப் பிடிக்கணும்" என்றார் அப்பா.

இருவரும் சிரித்து முடித்தபோது அத்தை மூட்டையோடு படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு ஏறினார், வந்தார். அடுத்த ஞாயிறு நாங்கள் இறங்குவதற்கு முன்பே, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். அத்தை இல்லாத பின் இருக்கை எனக்கு அளவு மீறிப் பெரிதாக இருந்தது. வளைவுகளில் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு நான் வழுக்கிப் போனேன். மேலே மேகங்கள் எப்போதும்போல் வந்தன. சாய்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. வேகத்தடையில் கார் அப்போதும் உரசியது. அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப யாரு ஏறியிருக்கா? அண்ணி ரயில்லதான் போறாங்க. வீட்டுக்குப் போயி கூப்பிடுங்க."

"ரெண்டு மாடி கீழதான இருக்காங்க, வருவாங்க" என்றார் அப்பா, தட்டிக்கழிப்பதுபோல.

"எங்க இருந்தா என்ன, கூப்பிடுங்க."

அப்பா போய் என்ன சொன்னார் என்று தெரியாது. மறு ஞாயிறு காலை அத்தை மூட்டையில்லாமல் இறங்கிவந்தார். கழுத்தில் மஞ்சள் இஞ்ச் டேப் மாலைபோல் தொங்கியது.

"பின்னால பூட் கதவத் திற. எல்லாத்தையும் எறக்கு."

"எதுக்குக்கா?"

"நான் ஏறுனப்புறம் அளந்தா பழி எம்மேலதான வரும்? சும்மா நிக்கயில அளக்கணும்."

அப்பா ஒலிபெருக்கிப் பெட்டியை, அரிசி மூட்டையை, பூப்பந்து மட்டைகளை எல்லாம் தரையில் இறக்கினார். காரைச் சமதரைக்குத் தள்ளினார்கள். அத்தை முழங்காலிட்டு, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப்பைப் பிடித்தார். நான்கு பக்கமும் அளந்து அளவை அம்மாவிடம் உரக்கச் சொன்னார். அவர் பல்லிடுக்கில் எப்போதும்போல் ஒரு குண்டூசி இருந்தது. கஸ்டமருக்கு இடுப்பளவு எடுக்கும் அதே முகம். காலி காரிலேயே பின்பக்கம் முன்பக்கத்தைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. பிறகு அவர் உள்ளே போய் உட்கார்ந்து, அப்பாவை அளக்கச் சொன்னார். கொஞ்சம் இறங்கியது. வெளியே வந்தார். எழும்பியது.

"நான் எறங்குனா அதுவும் மேல வருதுல்ல? அப்ப எறங்கியே கெடக்குறது யாரால? இன்னொண்ணு பாத்தியா, வலதுதான் கூட எறங்கியிருக்கு. புள்ள உக்கார்ற பக்கம். அவளா அமுக்குனா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வகுப்பிலேயே நான்தான் ஒல்லி.

அன்றே கிள்ளானில் குணா அங்கிளின் பட்டறைக்குப் போனோம்; அவர் அப்பாவின் கல்யாணத்துக்கு முந்தைய கூட்டாளி. அத்தை ஏறவில்லை. "முடிவு தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு, ரயிலில் வந்து பட்டறைக்கு நடந்தே வந்து சேர்ந்தார். குணா அங்கிள் காரை ஜாக்கியில் தூக்கி, கட்டைகளில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினார். அப்சோர்பரின் கீழ்ப்போல்ட்டை எடுத்து, சக்கரம் தாங்கும் கையை மெல்லக் கீழே இறக்கியதும், சுருள் தளர்ந்து அவர் கைக்கு வந்தது. புதியதன் பக்கத்தில் தரையில் நிறுத்தினார். பழையது குட்டை. அதைத் தலைகீழாக்கி, முனையைக் கட்டைவிரலால் தடவியவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"பாஸ், தேஞ்சது மட்டும் இல்ல. இது பொத்தோங் பண்ண ஸ்பிரிங்கு."

"யாரு வெட்டுனா?" என்றார் அம்மா.

"நான்தான். இவன்தான வந்து நின்னான்! முன்னால எஞ்சின் கனத்துல தாழ்ந்து நிக்குது, பின்னாலயும் ஒரு சுத்து வெட்டு, ஸ்டைலா இருக்கும்னு. வலது பக்கம் கை தவறி கொஞ்சம் கூடவே போயிருச்சு. வெட்டுனது முனை சரியா உக்காராது லா, வருஷம் போகப் போக இன்னும் எறங்கும்."

அப்பா பட்டறையின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னும் பின்னும் சமமாக நிற்க வேண்டும் என்றுதான் அவர் வெட்டச் சொன்னது. அது பிறகு இப்படிச் சாயும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

அத்தை சுருளை வாங்கி, வெட்டுப்பட்ட முனையைத் துணி விளிம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"டேய். வெட்டுனது நீ, கனம் நானா?"

குணா அங்கிள் கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்காமல் முன் கதவைத் திறந்து பிடித்து, "அக்கா, முன்னால உக்காருங்க" என்றார்.

"முன்னால எதுக்கு? என் எடம் எங்கயோ அங்கதான் உக்காருவேன்."

இரண்டு பக்கமும் புது ஸ்பிரிங் மாட்டி, காரை இறக்கி, ஒரு சுற்று ஓட்டிவந்த பிறகு அத்தை மீண்டும் அளந்தார். நான்கு பக்கமும் சரியாக வந்தது. அதற்குப் பிறகுதான், தலையை முதலில் விட்டு, அவர் ஏறினார்.

திரும்பும் வழியில் எனக்குச் சாலை தெரிந்தது. மேல்பாதிக்குக் கீழே ஒரு பாதி இருந்தது: மோட்டார் சைக்கிள் பாதையில் நனைந்தபடி போகிறவர்கள், பாலத்தடியில் மழைக்கு ஒதுங்கி நின்று மழைக்கோட்டுப் போடுபவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தொழிற்சாலைச் சீருடைகள். நான் மிதந்து போன ஊரில் இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். இரண்டு விரற்கடை இறக்கத்துக்கு அவ்வளவு வானம் கிடைத்திருக்காது என்று இன்று எனக்குத் தெரியும். அந்த ஆண்டு நானும் வளர்ந்திருப்பேன். ஆனாலும் மேல்பாதி அன்றோடு போயிற்று.

காரை யாரோ பந்திங்குக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். வெல்வெட்டும் சாக்குக்கட்டியும் மல்லிகையும் கலந்த அந்த மணம் வேறெந்தக் காரிலும் இல்லை. அத்தை இப்போது செமினியில் மகள் வீட்டில் இருக்கிறார்; தைப்பதில்லை. போன மாதம் அவரைக் கிள்ளானுக்கு அழைத்துப் போனேன். என் கார் உயரமானது. ஏறுவதற்கு முக்காலி வைக்க வேண்டியிருந்தது. முன் இருக்கை காலியாக இருக்க, பின்னால் இடப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். மாநில எல்லை வளைவை நெருங்கும்போது அதன் உச்சியைப் பார்க்கக் கழுத்தை வளைத்தேன். கூரை மறைத்தது.

"அத்தை, உங்களுக்கு மேல தெரியுதா?"

கண்ணாடியில் அவர் முகம் ஜன்னலோரம் நிமிர்ந்திருந்தது.

"எனக்குத் தெரியுது. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."