பேர் கூப்பிடுகிறவர்

அப்பா கோர்ட்டில் டவாலி. வழக்கை எடுக்கும்போது வாசலில் நின்று பேர் கூப்பிடும் வேலை. குறுக்குப் பட்டையும் பித்தளை வில்லையும் மாட்டிக்கொண்டு மூன்று முறை கூப்பிட்டாரென்றால், எதிர்ச்சாரி டீக்கடையில் இருப்பவர்கூட டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவார். வீட்டிலும் அதே தொண்டைதான். "மெதுவா கூப்பிட்டா என்னவாம்? நான் என்ன குற்றவாளியா?" என்று அம்மா சீறுவாள். அப்பாவின் அந்தக் குரலை இன்னும் ஒரு தரம் கேட்க மாட்டோமா என்று இப்போது ஏங்குகிறேன்.

குழந்தைகள் கோர்ட்டுக்கு அவரை மாற்றியபோது புதுச் சட்டம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. குழந்தையின் பேரை வெளியே சொல்லக் கூடாது, யூனிஃபார்மோடு அதன் பக்கம் போகக் கூடாது, தனி அறையில்தான் விசாரணை. சுற்றறிக்கையைப் படித்து அப்பா கையெழுத்தும் போட்டிருந்தார். ஆனால் இருபது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? முதல் நாளே ஒரு பெண்ணின் பேரை மூன்று முறை கணீரென்று கூவிவிட்டார்.

அவளுக்கு ஒன்பது வயது. ஒரு வீட்டில் எடுபிடி வேலை செய்துகொண்டிருந்தவளை அதிகாரிகள் மீட்டு வந்திருந்தார்கள். "நாங்கதான் வளர்க்கிறோம், எங்ககிட்டயே அனுப்புங்க" என்று அந்த வீட்டுக்காரர் வழக்குப் போட்டிருந்தார். சொந்த அத்தையும் கேட்டிருந்தாள். யாரோடு இருக்க ஆசை என்று அவளையே கேட்டாக வேண்டும். பேர் காதில் விழுந்ததும் வராந்தாவில் நின்ற வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மாடிப்படிக்கு அடியில் போய் ஒளிந்தவள்தான், அன்று முழுக்க வாயே திறக்கவில்லை.

ஜட்ஜம்மா அப்பாவை லெஃப்ட் ரைட் வாங்கிவிட்டார். "நாளைக்கும் அவ பேசலைன்னா கேஸ் அந்த ஆளு பக்கம் போயிடும். புரியுதா?"

அப்பா அன்று சாப்பிடவில்லை. "என் வாயால ஒரு பச்சப்புள்ள வாழ்க்கை போயிடும்போல இருக்கே" என்று புலம்பித் தீர்த்தார்.

மறுநாள் பட்டை இல்லாமல் சாதாரணச் சட்டையில் போனார். பின்வாசல் பெஞ்சில் அத்தையோடு உட்கார்ந்திருந்தவளிடம் குனிந்து, "உள்ள போலாமாம்மா?" என்றார். அப்படி ஒரு மெல்லிய குரல் அவரிடம் இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

"நேத்து கத்தினாரே, அவரு இருக்காரா?"

அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இல்லம்மா. அவரு இன்னிக்கு லீவு."

உள்ளே போனவள் முக்கால் மணி நேரம் பேசினாள். அத்தையோடு அனுப்ப உத்தரவாயிற்று. கிளம்பும்போது அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாளாம்: "அந்தக் கத்தற ஆளு வந்தா, நான் எங்க போனேன்னு சொல்லிடாதீங்க மாமா."

அப்பா சத்தியம் செய்துகொடுத்தார். சாகும்வரை அவள் பேரை எங்களிடம்கூடச் சொன்னதில்லை.